பன்னிரண்டு வருடம் ஆகவில்லை

என் கணவருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றபோது அது யாருக்கான மௌனம் என்று எனக்குத் தெரியாது. சண்டை நின்றிருந்த சமாதான காலம். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அன்று பஸ் பிந்திவிட்டது. காலைப் பிரார்த்தனைக்கு ஓடிவந்து நாலாம் வகுப்புக்குப் பின்னால் நின்றேன். எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள், நானும் குனிந்தேன். பழைய மாணவர் யாரோ போய்விட்டாராக்கும் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் நின்ற பெட்டை காலால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள். செத்தவருக்கு மரியாதை இல்லையா என்று அவள் தோளில் ஒரு தட்டுக்கூடத் தட்டினேன்.

மௌனம் முடிந்ததும் அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கட ரீச்சரின்ர துயரத்தில நாங்கள் எல்லாரும் பங்குகொள்ளுறம்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பி எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். பின்னால் கிணறுதான் இருந்தது.

"ஆருக்கு என்ன நடந்தது சேர்?" என்று கேட்டேன்.

"உங்கட அவருக்குத்தான் ரீச்சர். கொமினிக்கேசன் சுவரில ஒட்டியிருக்கு. நீங்கள் பாக்கேல்லையே?" என்றார் அதிபர்.

என் கணவர் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். கலியாணம் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோது, சாமான் வாங்கிக்கொண்டு பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லி வவுனியாவுக்குப் போனார். சண்டை நடந்த அந்த நாட்களில் வவுனியாவுக்குப் போவது சந்தைக்குப் போவது மாதிரி அல்ல. இரண்டு பக்கத்தாரிடமும் பாஸ் எடுக்க வேண்டும், நாள்கணக்காகக் காத்திருக்க வேண்டும், திரும்பி வரவும் அதே பாடுதான். அவர் வரவில்லை. கேட்கக்கூடிய இடமெல்லாம் கேட்டேன், எழுதக்கூடிய இடத்துக்கெல்லாம் எழுதினேன். இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை. இப்படியே ஆறு வருடம். பிள்ளை குட்டியும் இல்லை. பொட்டும் தாலியுமாகப் பள்ளிக்கூடம் போய்வந்தேன், அவருடைய தாயை, என் மாமியை, வைத்துப் பார்த்தேன். நான் அவருடைய மனைவி, இந்த ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அதைப் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரே கொமினிக்கேசனுக்குப் போனேன். வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கவும் இன்ரநெற் பார்க்கவும் சந்தைத் தெருவில் இருந்த ஒரே கடை அது. நடத்தியவர் தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். ஊர் முழுக்க அவரைப் போஸ்ட்மாஸ்ரர் என்றுதான் கூப்பிடும். காலையில் ஜெனரேற்றரை இயக்கி, கொம்பியூட்டருக்குப் பொட்டு வைத்து, முதல் வேலையாக மரண அறிவித்தல் பக்கத்தைத் திறப்பார். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் நடத்துகிற பக்கம். அதை ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிச் சத்தமாக வாசிப்பார். தொலைபேசிக்குக் காத்திருக்கிற சனம் உச்சுக்கொட்டிக்கொண்டு கேட்கும். செத்தவர் எங்கள் பக்கத்து ஆள் என்றால் அதைப் பிரதி எடுத்து வெளிச்சுவரில் ஒட்டுவார். கடைசியில் நிலைமை எப்படி வந்ததென்றால், பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் செத்தாலும் அது ரொறன்ரோ போய்த் திரும்பி வந்து சுவரில் ஏறினால்தான் சனம் செத்தவீட்டுக்குப் போகும்.

சுவரில் அவர் இருந்தார். எங்கள் கலியாணப் படத்தில் இருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். சரியாக வெட்டத் தெரியாமல் இடது பக்கத்தில் என் கூறைச்சேலைக் கரை ஒரு விரல் அகலத்துக்கு மிஞ்சியிருந்தது. சுற்றிவர ரோசாப்பூ. மேலே ஆறாம் ஆண்டு நினைவஞ்சலி என்று கொட்டை எழுத்து. கீழே ஆண்டுகள் ஆறு போனாலும் ஆறாது எங்கள் நெஞ்சம் என்று ஒரு பாட்டு. அதற்கும் கீழே, உன் பிரிவால் வாடும் அம்மா, அண்ணா, அண்ணி, பெறாமக்கள், மனைவி. வெளிநாட்டில் பிறந்து அவரை வாழ்நாளில் கண்டிராத தமையன் பிள்ளைகளுக்கு, அந்தப் பெறாமக்களுக்குப் பிறகுதான் நான் வாடினேனாம்.

"ஒட்ட முன்னம் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே அண்ணை" என்றேன்.

"செத்தவீட்டுக்காரரிட்டப் போய் இதை எப்பிடிக் கேக்கிறது ரீச்சர்?"

"அவர் சாகேல்லை."

போஸ்ட்மாஸ்ரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நெற்றில கிடக்கு ரீச்சர்" என்றார்.

நான் எட்டி அந்தத் தாளைப் பிடித்துக் கிழித்தேன். கோதுமை மாப் பசை நல்ல இறுக்கம். நெற்றியும் கண்ணும் மூக்கும் கையோடு வந்தன, வாயும் நாடியும் சுவரோடு நின்றுவிட்டன. அந்த அரைமுகம் அடுத்த மழைவரைக்கும் அங்கேதான் இருந்தது.

வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா சீனியும் தேயிலையும் கொண்டு வந்து கதிரையில் இருக்கிறா. செத்தவீட்டுக்குக் கொண்டுபோகிற அதே பொதி. மாமி அந்தச் சீனியிலேயே அவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருந்தா. நான் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன், மூத்த மகன் வெளிநாட்டில் இருந்து அஞ்சலி போட்டிருக்கிறார் என்றும் சொன்னேன். மாமி அழவில்லை. "அஞ்சலி போட்டவன் திவசமும் குடுத்திருப்பான். படையலுக்குக் கத்தரிக்காய் வச்சவங்களோ தெரியாது. இவனுக்கு அது கடி, திண்டால் உடம்பெல்லாம் தடிக்கும், சின்னனிலயே தின்னான்" என்றா. எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் இடிக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த நாள் மச்சானுக்கு, என் கணவரின் தமையனுக்கு, தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், அவரை எப்ப சாக்காட்டினனீங்கள்?"

"இஞ்சேரும், கோவிக்காமல் கேளும். இஞ்ச மகளுக்கு ஒரு சம்பந்தமும் சரிவருதில்லை. கோயில் ஐயர் குறிப்பைப் பாத்துப்போட்டு, குடும்பத்தில ஒரு ஆத்மா தண்ணி கிடைக்காமல் நிக்குது எண்டுறார். அதுதான் திவசம் குடுத்தனான். குடுத்தால் நாலு சனத்துக்குத் தெரியவேணும்தானே, நெற்றிலயும் போட்டனான்."

"திதியை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"அவன் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளைக் கணக்கெடுத்தம்."

"அண்டைக்கு அவர் புட்டும் சம்பலும் சாப்பிட்டு, இன்னும் ஒருக்கா வாங்கியும் சாப்பிட்டிட்டுப் போனவர். அது செத்த நாளோ? காணாமல் போன ஆக்களுக்குப் பன்னிரண்டு வருஷம் பாத்து, அதுக்குப் பிறகுதான் தர்ப்பையில உருவம் செய்து கிரியை செய்யிறது. உங்கட ஐயருக்குத் தெரியாதோ?"

"வெளிநாட்டில ஆர் பன்னிரண்டு வருஷம் பாத்துக்கொண்டு இருக்கிறது? ஐயர் ஆறு போதும் எண்டவர்" என்றார் மச்சான்.

அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை வருவதற்காக என் மாப்பிள்ளையைப் பாதித் தவணையிலேயே அனுப்பிவிட்டார்கள். கழற்றுங்கோ என்றேன். போட்டதைக் கழற்றினால் தோஷம் என்றார். எது தோஷம், உயிரோடு இருக்கிறவருக்குத் தண்ணி இறைக்கிறது தோஷம் இல்லையோ என்று கேட்டேன். லைன் கிளியர் இல்லை என்று வைத்துவிட்டார்.

அடுத்த மூன்று கிழமையும் என் வீடு செத்தவீடு. பொட்டோடு போய்ப் படலை திறந்தால் வந்த சனம் என் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பார்வையை நிலத்தில் போடும். ஒருத்தி, இன்னும் வயது போகவில்லை, இனியாவது ஒரு வழியைப் பாருங்கோ என்றாள். வழியைத்தானே ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன், அவளுக்கு விளங்கவில்லை. என்னோடு படிப்பிக்கிற முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க ரீச்சர் ஒருவர், நல்ல மனுசி, தங்கள் கோயிலில் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்து கையைப் பிடித்துச் சொன்னா. சைவக்காரனுக்கு எதற்குப் பூசை, அதுவும் சாகாத சைவக்காரனுக்கு என்று கேட்க வாய்வரை வந்தது. அவவுடைய கண் கலங்கியிருந்ததால் நன்றி என்றேன். நான் நன்றி சொன்னது ஊரில் பரவி, ரீச்சர் ஏற்றுக்கொண்டுவிட்டா என்று இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஒவ்வொரு நாளும் கொமினிக்கேசனுக்குப் போனேன், அந்தப் பக்கம் இன்னும் கிடக்கிறதா என்று பார்க்க. கிடக்கும். படத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு விடாமல் எரிந்துகொண்டிருக்கும், திரியும் குறையாது, எண்ணெயும் குறையாது. கீழே அனுதாபம் எழுதுகிற இடம். அது நாளுக்கு நாள் நீண்டது. எனக்குத் தெரியாத ஊர்களில் இருந்து தெரியாத ஆட்கள் அழுதார்கள். போஸ்ட்மாஸ்ரர் அதையும் சத்தமாக வாசிப்பார், மெதுவாக வாசியுங்கோ என்றால் குரலைக் குறைத்துவிட்டு இரண்டாம் வரியில் மறந்துபோவார். நீங்கள் அடித்த சிக்ஸர்களை மறக்க முடியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். என் கணவர் கிரிக்கெட் துடுப்பைக் கையால் தொட்டதில்லை. இன்னொருவர் ஆத்மா சாந்தி என்பதை இங்கிலிஷ் எழுத்தில் தட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டு பேர் அங்கேயே ஒருவரையொருவர் கண்டுபிடித்து, மச்சான் நீயாடா, இப்ப எங்க இருக்கிறாய், பிள்ளைகள் எத்தனை என்று குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். போகிற போக்கில் நண்பனுக்கு அஞ்சலிகள் என்றும் சொல்லிவைத்தார்கள்.

மூன்றாம் கிழமை பொறுமை விட்டுப்போய் மச்சானுக்குத் திரும்ப எடுத்தேன். "நீங்கள் அதைக் கழட்டாட்டி, உங்களுக்கு ஒரு மரண அறிவித்தல் நான் போடுவன். படம் என்னட்ட இருக்கு. பொட்டு அழிக்கிறது எப்பிடி எண்டு உங்கட மனுசியும் ஒருக்காப் பாக்கட்டும்" என்றேன். தொலைபேசிக்குக் காத்திருந்த சனம் கதையை நிறுத்திவிட்டது. மறுமுனையில் தொலைபேசியை வைத்த சத்தம் கேட்டது. செய்தது பிழை என்று தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு நடந்துபோகும்போது மனம் லேசாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போனேன். பக்கம் இன்னும் இருந்தது. புதிதாக ஒன்று வந்திருக்கு என்று போஸ்ட்மாஸ்ரர் வாசிக்கத் தொடங்கினார். வழமைபோலச் சத்தமாகத்தான் தொடங்கினார். இரண்டாவது வரியில் குரல் தானாக இறங்கியது. அன்றுதான் அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"இவரை எனக்குத் தெரியும். வவுனியாவில் பாஸ் கிடைக்கும்வரை ஒரே விடுதியில் ஒன்பது நாள் இருந்தோம். பம்புச் சாமானைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பார். தன் மனைவி ரீச்சர் என்றும், பொல்லாத கோபக்காரி என்றும், சொன்ன நாளுக்குப் போகாவிட்டால் படலை திறக்கமாட்டா என்றும் சொல்லிச் சிரிப்பார். பத்தாம் நாள் காலை இருவரும் ஒன்றாகத்தான் வெளிக்கிட்டோம். மிச்சத்தை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. நண்பன்."

அவ்வளவுதான். பேர் இல்லை, ஊர் இல்லை.

நான் அங்கே இருந்த கதிரையில் இருந்துவிட்டேன். ஆறு வருடத்தில் முதல்தடவையாக அவரைக் கண்ட ஒருவர். விடுதியில் ஒன்பது நாள் இருந்தார், சாமான் வாங்கிவிட்டார், சிரித்தார், என்னைப் பற்றிக் கதைத்தார். படலை திறக்கமாட்டேன் என்று பகிடிக்குத்தான் சொன்னேன். அதற்காகவா அவசரப்பட்டு அந்த நாளே வெளிக்கிட்டார்? ஒரு நாள் பிந்தி வந்திருக்கலாமே. அழுதேன், சனத்துக்கு முன்னால், மூக்கைச் சீறி அழுதேன். இத்தனை நாள் வந்து அழச்சொன்ன சனம் அன்று என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

உடனே பதில் எழுதவேண்டும் என்றேன். போஸ்ட்மாஸ்ரர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு இரண்டு விரலையும் தூக்கினார். ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. டீசல் முடிந்துவிட்டது. "விடியத் திறந்த உடனே உங்கடதுதான் முதல் ரீச்சர். மரண அறிவித்தல்கூடப் பிறகுதான்" என்றார்.

விடிய ஆறரைக்கே போய் நின்றேன். எட்டரைக்குத் திறந்தார். பக்கத்தைத் தேடினார், திரும்பவும் தேடினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தேடினார். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. படம் இல்லை, குத்துவிளக்கு இல்லை, நண்பனும் இல்லை. மச்சான் மூன்று கிழமையாகக் கேட்காத சொல்லை அன்றைக்குப் பார்த்துக் கேட்டிருந்தார்.

அந்த நேரம் அங்கே சாமம் என்றும் பார்க்காமல் எடுத்தேன்.

"கழட்டியாச்சு. இப்ப சந்தோசமோ?" என்றார் மச்சான்.

"திரும்பப் போடுங்கோ."

"என்னத்தை?"

"கழட்டினதை."

"உமக்கு என்ன விசரோ? மூண்டு கிழமையா என்னை இருக்க விடேல்லை. எனக்கே செத்தவீடு வைக்கிறன் எண்டனீர்."

நண்பன் எழுதியதைச் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் சொன்னேன், இன்றைக்கும் சொல்லுவேன். என்னதான் இருந்தாலும் மச்சானுக்குத் தம்பி. பக்கத்தை நடத்துகிற ஆட்களிடம் கேட்டுப்பார்க்கிறேன் என்றார். அன்று பின்னேரம் வரை அங்கேயே இருந்தேன், பள்ளிக்கூடம் போகவில்லை. அவரே எடுத்தார். எழுதின ஆள் முகவரி ஒன்றும் போடவில்லையாம். பக்கத்தோடு எல்லாம் போய்விட்டதாம்.

"அப்ப, தம்பியைத் தேடுறம், தெரிஞ்சவை தொடர்பு கொள்ளுங்கோ எண்டு போடச்சொல்லுங்கோவன்" என்றேன்.

"அதையும் கேட்டனான். அவை மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும் மட்டும்தான் போடுவினமாம். உயிரோட இருக்கிற ஆக்களுக்கு அதில இடமில்லை." பிறகு மச்சானே கேட்டார், "என்னெண்டு போடச்சொல்லுறீர்?"

பக்கத்தில் போஸ்ட்மாஸ்ரர் ஒன்றும் கேட்காதவர் மாதிரி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன முறை போட்ட மாதிரியே போடுங்கோ" என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் திரும்பி வந்தார். அதே படம், அதே ரோசாப்பூ, அதே பாட்டு, என் சேலைக்கரை. பெறாமக்களுக்கு முன்னால் இந்த முறை மனைவியைப் போட்டிருந்தார் மச்சான், அந்த அளவுக்கு அவருக்கு விளங்கியிருக்கிறது. போஸ்ட்மாஸ்ரர் வாசிக்கவும் இல்லை, சுவரில் ஒட்டவும் இல்லை.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்த நண்பர் பிறகு எழுதவில்லை. பக்கம் இருந்த நாள் முழுக்கப் போய்ப் பார்த்தேன், எழுதவில்லை. காத்திருக்க வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை, அதனால் சொல்கிறேன். ஆனால் அந்த மத்தியானம் எனக்கு அது தெரியாது. அவர் எப்படியும் திரும்பி வந்து பார்ப்பார், பார்த்தால் என் எழுத்து அவர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நான் சொல்லச் சொல்ல அனுதாபம் எழுதுகிற இடத்தில் போஸ்ட்மாஸ்ரர் இரண்டு விரலால் தட்டினார்.

"நண்பருக்கு. நீங்கள் சொன்ன கோபக்காரி ரீச்சர் நான்தான். மிச்சத்தை எழுதுங்கோ. எதுவெண்டாலும் எழுதுங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

அனுப்பு என்பதை அமத்தினார். போகவில்லை. சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. குனிந்து வாசித்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை எண்டு கேக்குது ரீச்சர். அதை வெறுமையா விட்டா அனுப்புதில்லை."

"மனைவி எண்டு போடுங்கோ" என்றேன்.